மூணு உருண்டைச் சோறு

கடை பொழுது சாஞ்சுதான் தொறக்கும்னு கீழ வாட்ச்மேன் சொன்னாருங்க தம்பி. நான் திங்கறதுக்கு வரலீங்க. உங்க சமையல்காரரை ஒருக்கா கூப்புடுங்க. என்ற கூட ஒரு எட்டு தொண்டாமுத்தூர் வரைக்கும் அவரு வரோணும். காரு கீழயே நிக்குது. போய் ஒரே ஒரு வெவரத்தைச் சொல்லிப்போட்டு வந்துட்டாப் போதும், கடை தொறக்கறதுக்குள்ள நானே கொண்டாந்து உட்டர்றேன்.

என்ன தம்பி முழிக்கறீங்க? நெனப்பில்லீங்களா என்னைய? போன வாரம் வந்தமுங்களே, அந்த மூலையில சோபா போட்ட மேசைக்கு? வேட்டி கட்டிட்டு ஒரு பெரியவரு பாதி சாப்பாட்டுல எந்திரிச்சுப் போனாரு, நீங்கதான் படிக்கட்டு வரைக்கும் ஓடிப் போயி, சார் என்னாச்சு சார், ஏதாவது தப்பாயிருச்சா சார்னு கேட்டீங்க. அவருதானுங்க எங்கண்ணன். என்ற கூடப் பொறந்தது. என்ற பேரு மயிலாத்தாள், கணபதியில இருக்கறோம். எங்கூட்டுக்காரரு மோட்டார் பட்டறை வெச்சிருக்காரு.

உக்காருன்னு நீங்க சொல்லாட்டியும் நான் உக்காந்துக்கறேன், கால் வலிக்குது. தண்ணி வேண்டாமுங்க. செரி, குடுங்க.

வர்ற ஞாயித்துக்கெழமை என்ற புள்ளைக்குக் கல்யாணமுங்க. மிருதுளா. அன்னைக்கு மஞ்ச சுடிதார் போட்டுட்டு இருந்தாளே, அவதான். பத்திரிகை குடுத்தாச்சு, மண்டபம் சொல்லியாச்சு, பந்தக்காரன் வந்து ஊட்டு வாசல்ல கால் நட்டாச்சு. எல்லாம் இருக்குது, தாய்மாமன் இல்லை. எங்க பக்கம் மாமன் இல்லாமக் கல்யாணம் எப்படிங்க தம்பி? மாமன்தான் மாலை போட்டுக் கையைப் புடிச்சு மேடைக்குக் கூட்டிட்டு வரோணும். மாமனே இல்லாத புள்ளைன்னாப் பரவால்ல, பங்காளி ஆரையாவது நிக்க வெச்சுக்கலாம். முக்கா மணி நேரத்துல வந்து சேர்ற தூரத்துல குத்துக்கல்லாட்ட மாமன் ஊட்டுல உக்காந்திருக்கறப்ப வேற ஒருத்தனை நிக்க வெச்சா, மாப்பிள்ளை ஊட்டுச் சனம் சும்மா இருக்குமா? என்ன ஏதுன்னு தோண்ட மாட்டாங்களா? பாவம் என்ற புள்ளை, கண்ணாலத்தன்னைக்கு அழுதுட்டா மேடை ஏறுவா?

எல்லாம் உங்க சமையல்காரரு வெச்ச சோத்துனால வந்த வெனையுங்க. கோவிச்சுக்காதீங்க. உங்க கடையைக் கொற சொல்றதுக்கு வரலை. ஆனா நடந்தது அதுதானுங்க.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும்.

எங்கண்ணனும் நானும் பேசி நாலு வருசமாச்சுங்க. அண்ணன் பையனுக்குக் கல்யாணம். என்ற மாமியா ஊட்டுச் சனத்தையெல்லாம் ஒரு வேனு புடிச்சுக் கூட்டிட்டுப் போனேன், பெருமையா. எங்கண்ணன் ஊட்டுக் கல்யாணம்னா சும்மாவா? போயி பந்திக்கு நிக்கறோம். வாசல்ல எங்க நங்கையா நிக்கறாங்க. அண்ணன் சம்சாரத்தை நாங்க நங்கையான்னுதான் சொல்லுவோம். நிக்கற அவங்க என்ன சொல்றாங்க? "இந்தப் பந்தி நெறஞ்சு போச்சு மயிலா, அடுத்த பந்தியில எல்லாரும் சேந்தாப்பல உக்காந்துக்கலாம்." எங்கிட்டச் சொல்றாங்க தம்பி! கூடப் பொறந்தவளைப் பாத்து! என்ற நாத்தனாருங்க அத்தனை பேரும் எம்மூஞ்சியவே பாக்கறாங்க.

எடம் நெசமாவே இல்லையா இருந்திருக்கும்கறீங்களா? இருந்துச்சோ இல்லையோ, ஒரு எலையை எடுத்துட்டு இன்னொரு எலையைப் போட எத்தன நேரமாவுது? ஆராவது மூணாவது மனுசனை எழுப்பி உட்டா என்ன?

எனக்கு வந்துச்சு பாருங்க ஆங்காரம். அண்ணன் கையில சாம்பார் வாளியோட ஓடி வருது, என்ன அம்மிணி, என்ன அம்மிணின்னுட்டு. "என்னா அம்மிணி நொம்மிணி? இன்னையோட எனக்கு அண்ணன் செத்துப் போச்சு. போற வழியில பேரூர் ஆத்துல எள்ளும் தண்ணியும் எறச்சுப்போட்டுத்தான் ஊட்டுக்குப் போவேன்"னு சொல்லிப்போட்டு, அத்தன சனத்தையும் திருப்பி வேன்ல ஏத்திட்டு வந்துட்டேன்.

ஒரு வேகத்துல வர்றதுதானுங்களே. வாயிருக்கற மனுசருக்கு வராதா? அதுக்கோசரம் ஆத்துக்கா போனேன்? நேரா ஊட்டுக்குத்தான் வந்தேன். பொண்ணு மாப்பிள்ளை மேடையில நின்னு கேட்டுட்டு இருந்தாங்கன்னு பொறவுதான் சொன்னாங்க. நான் அதையெல்லாம் கவனிக்கலை. எனக்கு இருந்த வெசனத்துல நான் எதைக் கவனிப்பேன்?

அப்பறம் போன வருசம் அண்ணனுக்கு நெஞ்சுல அடைப்பு வந்துருச்சுங்க. ஸ்டென்ட் வெச்சாங்க. சேதி காதுல விழுந்ததும் துடிச்சுப் போயிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனேனே! கேட்டுக்குள்ள காரை நிறுத்திட்டு உள்ளயே உக்காந்திருந்தேன். மேல இருந்து ஆராவது வந்து, ஏம்மா இங்கயே உக்காந்துட்ட, வா மேலன்னு ஒரு வார்த்தை கூப்புட்டாப் போயிருப்பேன். ஒருத்தராவது வரோணுமே! நான் வந்ததே அவங்களுக்குத் தெரியாதுங்கறீங்களா? தெரியாதுதான். அதுக்காக? வந்திருப்பாளோன்னு ஒரு நெனப்பு வராதா மனுசருக்கு?

செரி, அதை உடுங்க. இப்பப் புள்ளைக்குக் கல்யாணம் கூடிருச்சு. பழசையெல்லாம் பாத்துட்டு இருக்க முடியுங்களா? ஒண்ணு சேந்தாகோணும். எங்க பக்கம் ஓரியாட்டம், சண்டை ஆயிருச்சுன்னா அவிய ஊட்டுல நாங்க பச்சத்தண்ணி குடிக்க மாட்டோம். மறுபடி சேரோணும்னா பேச்செல்லாம் வேண்டியதில்லை, உக்காந்து ஒருவாய் ஒண்ணாச் சாப்புட்டாப் போதும். கை நனைச்சுட்டா முடிஞ்சுது, அப்பறம் ஆரும் பழசை எடுக்கக் கூடாது. அதுதான் எங்க மொறை. ஆனா ஆரு ஊட்டுல நனைக்கறது? நான் அங்க போனா நான் எறங்கிப் போனதா ஆயிரும். அண்ணனும் இங்க வராது, அதுக்கு இருக்கற ரோசத்துக்கு.

எங்கூட்டுக்காரருதான் சொன்னாரு, ரெண்டு ஊடும் வேண்டாம், பொதுவா ஒரு ஓட்டல்ல வெச்சுக்கலாம்னு. நல்ல ரோசனைதான். ஆனா நம்மூரு ஓட்டல்னா எங்க போனாலும் நாலு ஒறம்பரை, சொந்தக்காரங்க உக்காந்திருப்பாங்க. பாத்தா அன்னைக்கே பல்லடம் வரைக்கும் சேதி போயிரும். அப்பத்தான் மிருதுளா இந்தக் கடையைச் சொன்னா. சைனா, ஜப்பானு, தாய்லாந்து, கொரியா எல்லாச் சாப்பாடும் ஒரே எடத்துல கெடைக்கும், ஆபீஸ்ல எல்லாரும் இங்கதான் வருவோம், நம்ம சனம் ஒருத்தரு எட்டிப் பாக்க மாட்டாங்கம்மான்னா. அண்ணனுக்கு அவதான் போன் போட்டா. மாமன்னா அவளுக்கு உசுரு. எனக்கும் அண்ணனுக்கும் பேச்சில்லையே தவிர, அவ பேசிட்டுத்தான் இருந்திருக்கறா. அதுவே எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அன்னைக்கு நாங்க மொதல்லயே வந்துட்டோம். உள்ள வந்து பாத்தா ஒரே இருட்டு. கரண்டு போயிருச்சாக்கும்னு நெனச்சேன். அந்தப் பக்கம் பாத்தா மருந்துக் கடையாட்ட வரிசையா பாட்டலு. அதுக்குக் கீழ லைட்டு வேற. "ஏன்டி, இது பிராந்திக் கடை! நெஞ்சு அடைச்ச மனுசனை இங்கயா வரச்சொன்ன?"ன்னு கேட்டா, "அது ஒரு பக்கம், நம்ம ஒரு பக்கம், கத்தாதம்மா"ங்கறா.

எங்க உக்கார வெக்கறதுன்னு நான்தான் பாத்துப் பாத்து முடிவு பண்ணுனேன். அந்த சோபாதான் ஒசந்த எடமாத் தெரிஞ்சுது. அண்ணனுக்கு அது. எதுக்கால நானு. நங்கையாளுக்கு அண்ணன் பக்கத்துல, முதுகுக்குத் தலகாணியோட. எல்லாம் மொறையாப் பண்ணுனேனுங்க தம்பி, ஒண்ணுலயும் கொற வெக்கலை.

அண்ணன் வந்துச்சு. மெலிஞ்சு போயிருந்துச்சுங்க. சட்டை தோளுல நிக்கலை. வாண்ணான்னு சொல்லோணும், சொல்ல வாயி வரலை, "ஏசி ஆகுமா?"ன்னு எங்கூட்டுக்காரரைப் பாத்துக் கேட்டேன். "ஆகும்"னு அதுவும் அவரைப் பாத்துத்தான் சொல்லுச்சு. அப்படியே கொஞ்ச நேரம் ஆளாளுக்கு மெனு அட்டையைப் பாத்துட்டு இருந்தோம். ஒரு எழவும் புரியலை எனக்கு.

அந்த நேரத்துல பக்கத்து மேசைக்கு ஒரு கிளாசு வந்துச்சு பாருங்க, மூடிய எடுத்தா பொகை குபுகுபுன்னு வருது. ஆணும் பொண்ணும் கைதட்டிச் சிரிக்கறாங்க. எங்கண்ணன் அதையே உத்துப் பாத்துச்சு. பாத்துட்டு, என்ற பக்கம் சாஞ்சு, "என்ன அம்மிணி, சாமி வரவெக்கறாங்களா?"ன்னு கேட்டுச்சு.

என்னையத்தானுங்க கேட்டுச்சு! எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிக்கச் சிரிக்கக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. காரம் பட்டாப்பல முந்தானையில தொடச்சுக்கிட்டேன், இன்னும் ஒரு தட்டும் வரலைன்னாலும்.

அப்பறம் எல்லாமே நல்லாத்தானுங்க போச்சு. மூங்கக் கூடையில கொழுக்கட்டையாட்ட வந்துச்சு, உள்ள காளானு. மிருதுளா குச்சியில புடிச்சு மாமனுக்கு ஊட்டி உடறா, அது வாயத் தொறக்குது, இது நழுவி வேட்டியில உழுவுது. நங்கையா உப்பில்லைன்னாங்க. எங்கூட்டுக்காரரு சாஸை ஊத்தி ஊத்தி முழுசும் கருப்பாக்கிட்டாரு. அண்ணன் குச்சியைக் கீழ போட்டுட்டு, நமக்கு இது ஆவாதுன்னு கையிலயே எடுத்துத் தின்னுச்சு. கை நனைஞ்சுது தம்பி! நான் என்ற கண்ணால பாத்தேன். மனசுக்குள்ள மாரியாத்தாளுக்குப் பொங்கல் வெச்சுட்டேன்.

தின்னுட்டே கேட்டுச்சு, "பொண்ணழைப்புக்கு நான் எத்தனை மணிக்கு வரோணும்?"னு. சாதாரணமாக் கேட்டுச்சுங்க, நேத்தும் பேசிட்டு இருந்தவங்களாட்ட.

நான் நேரத்தைச் சொல்றதுக்குள்ள அந்தத் தட்டு வந்துருச்சு.

உங்க கடைப் பையன்தான் கொண்டாந்தான். ரொம்ப மரியாதையாக் குனிஞ்சு, "இது எங்க செஃப் ஸ்பெஷலா அனுப்புனது சார்"னு, நேரா எங்கண்ணன் முன்னால வெச்சான். வாழை எலை. எலை மேல மூணு உருண்டை, வெள்ளைச் சோறு, கெட்டியாப் புடிச்சது. மேல கறுப்பு எள்ளு. பக்கத்துல ஒரு பச்சைப் புல்லு. இந்தப் பக்கம் ஒரு கிண்ணத்துல தண்ணி.

உங்களுக்கு எந்தூருங்க தம்பி? ஓசூருங்களா? பேரூர் ஆத்தங்கரைக்கு வந்திருக்கறீங்களா, அமாவாசைக்கு? வந்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். செத்தவங்களுக்கு வெக்கற பிண்டம் அச்சு அசலா அப்படித்தானுங்க இருக்கும். எங்கப்பனுக்கும் ஆத்தாளுக்கும் வருசா வருசம் எங்கண்ணன் அதே கையில உருட்டி வெச்ச மனுசனுங்க. எலை, மூணு உருண்டை, எள்ளு, தர்ப்பை, தண்ணி. ஒண்ணு கொறையலை.

நங்கையா வாயில கையை வெச்சுட்டாங்க. அண்ணன் அந்த எலையைப் பாத்துச்சு. அப்பறம் தலையத் தூக்கி என்னையப் பாத்துச்சு. கோவமெல்லாம் இல்லீங்க. பயந்து போன மூஞ்சி. எங்கண்ணன் பயந்து நான் பாத்ததே இல்லை. "உசுரோட உக்கார வெச்சே வெச்சுட்டயா அம்மிணி?"ன்னு கேட்டுச்சு. "தெக்க பாத்து உக்கார வெச்சப்பவே நெனச்சேன்"னுச்சு.

எனக்கு எது தெக்கு எது வடக்குன்னு என்னங்க தெரியும், ஜன்னலே இல்லாத கடையில? ஒசந்த எடம்னுதானே உக்கார வெச்சேன்?

நான் என்ன சொன்னனா? சொன்னேன். சொல்லாம இருப்பனா? "என்னத்தை வெச்சுட்டாங்க உனக்கு? ஓட்டல்காரன் வெச்ச சோத்துக்கு நானா பொறுப்பு? நெஞ்சு அடைச்சா மூளையுமா அடைச்சுக்கும்?"னு கேட்டேன். வேற எப்படிங்க கேக்கறது? நான் செய்யாத ஒண்ணை என்ற தலையில கட்டுனா எனக்கு வேகம் வராதா?

அதுக்கப்பறம்தான் அது எந்திரிச்சுப் போனது. நீங்க ஓடுனீங்க. பின்னாலயே மிருதுளாவும் ஓடுனா. நான் அங்கயே உக்காந்திருந்தேன். நான் எதுக்கு ஓடோணும்?

நீங்களாவது ஒரு உருண்டையை எடுத்துத் தின்னு காட்டியிருக்கலாமேங்கறீங்க. நல்லாக் கேட்டீங்க. எங்கூட்டுக்காரரும் அதையேதான் கேட்டாரு. முடியலீங்க தம்பி. கையைக் கிட்டக் கொண்டு போனேன். குமட்டிட்டு வந்துருச்சு. தெரிஞ்சே எப்படி அதை வாயில வெக்கறது?

இத்தோட போயிருந்தாக்கூடப் பரவால்லீங்க. நாங்க கெளம்பறப்ப உங்க பையன் மிச்சத்தையெல்லாம் டப்பாவுல போட்டு என்ற கையில குடுத்துட்டான். ஊட்டு வாசல்ல வந்து பாத்தா, மேல இருக்கறது எலையோட அந்த மூணு உருண்டை! பந்தக்கால் நட்ட ஊட்டுக்குள்ள அதை எப்படிங்க கொண்டு போறது? குப்பையில போடலாமா? சோறுங்க அது, அதுவும் எள்ளு வெச்ச சோறு, பாவம் புடிச்சுக்கும். நாய்க்குப் போடவும் பயம். எங்கூட்டுக்காரரு சாக்கடையில வீசுங்கறாரு. அவருக்கு எல்லாமே வெளையாட்டு. ராத்திரி முழுசும் காருக்குள்ளயே வெச்சிருந்து, விடிஞ்சதும் எனக்குத் தெரிஞ்ச ஒரே மொறையைச் செஞ்சேன். பேரூருக்குப் போயி ஆத்துத் தண்ணியில கரைச்சு உட்டேன். தீட்டு ஒட்டிக்கப் போவுதேன்னு அங்கயே மூணு முழுக்கும் போட்டேன்.

ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க?

நீங்களும் எங்கூட்டுக்காரராட்டவே பாக்கறீங்களே. நான் வேற எங்கதான் போடறது? ஆத்துல கரைச்சா தோசம் போயிரும்னுதான் கரைச்சேன். நல்லதுக்குத்தானுங்க செஞ்சேன். எங்கண்ணனுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு, ஈரச் சேலையோட கோயில் பக்கம் பாத்துக் கும்புட்டுட்டுத்தான் கரையேறுனேன்.

அங்க நங்கையாளோட சித்தப்பா பையன் நின்னிருக்கறான். அவங்கப்பனுக்குத் திதி குடுக்க வந்தவன். என்னைய ஒரு வார்த்தை என்னக்கான்னு கேட்டிருந்தா நான் வெவரம் சொல்லியிருப்பேன். கேக்கலை, படுபாவி. போட்டோ புடிச்சிருக்கறான். முழங்கால் தண்ணியில நான் எலையோட நிக்கறேன், சோறு மெதந்து போவுது. அதை அப்படியே நங்கையா போனுக்கு அனுப்பிட்டான்.

அன்னைக்கு மத்தியானமே ஓடுனேன் தொண்டாமுத்தூருக்கு. கேட்டு சாத்தியிருக்குது. நங்கையா உள்ள இருந்து வந்தாங்க, தொறக்கலை. "மாத்திரை போட்டுப் படுத்திருக்காரு மயிலா, இன்னொரு நாளைக்குப் பேசிக்கலாம்"னாங்க. நான் கேட்டைப் புடிச்சு ஆட்டுனேன். "நான் ஒண்ணும் உனக்குக் காரியம் பண்ணலை, ஓட்டல்ல குடுத்த சோத்தைத்தான் கரைச்சேன், வெளிய வா"ன்னு கத்துனேன். அக்கம்பக்கமெல்லாம் எட்டிப் பாக்குது. அண்ணன் வரலை. ஜன்னலு மட்டும் சாத்துற சத்தம் கேட்டுச்சு.

அதுக்குத்தானுங்க உங்க சமையல்காரரைக் கேக்கறேன். மணிப்பூர்க்காரத் தம்பின்னு மிருதுளா சொன்னா. தமிழ் வராட்டிப் போவுது, நீங்க கூட வந்து எடுத்துச் சொல்லுங்க. "ஐயா, இது ஜப்பான்காரங்க திங்கற சோறு, புதுசா வர்றவங்க எல்லாருத்துக்கும் நாங்க குடுக்கறது, உங்க தங்கச்சி சொல்லி வெக்கலை"ன்னு. எல்லாருத்துக்கும் குடுக்கறதுதானுங்களே? ஆமாங்களா? பாத்தீங்களா! அதைத்தான் அது காதுல போடோணும். நான் சொன்னா நம்பாது. செஞ்ச மனுசனே வந்து சொன்னா நம்பித்தானே ஆவோணும்?

என்ன கேட்டீங்க? சாரி கேட்டனான்னா?

எதுக்குங்க? அந்தச் சோத்தை நானா உருட்டுனேன்?

அதுக்கில்லைங்கறீங்க. அப்ப எதுக்கு? கல்யாணத்துல சொன்னதுக்கா? அதுக்குப் போயி இப்பக் கேப்பாங்களா தம்பி, நாலு வருசம் ஆயிப் போச்சு! கை நனைச்சுட்டா பழசை எடுக்கக் கூடாதுன்னு இப்பத்தானே உங்களுக்குச் சொன்னேன்? நீங்க சின்னப் பையன், எங்க மொறையெல்லாம் உங்களுக்கு...

இருங்க. போனு. மிருதுளாதான்.

சொல்லு சாமி. எங்கிருக்கற, ஆபீஸ்லயா? எங்க? மாமன் ஊட்டுலயா? ஆரைக் கேட்டுட்டுப் போன? செரி, செரி, அழுவாத, நான் வையல. கேட்டைத் தொறந்தாங்களா? சாப்புட்டயா அங்க? நங்கையா போட்டாங்களா? மாமன் கூடவே உக்காந்தா? என்ன சொல்லுச்சு? மறுபடி சொல்லு. ம். ம். இதை மாமனே சொல்லுச்சா, நீயாச் சொல்றயா? போனைக் குடு அதுகிட்ட. ஒரே ஒரு வார்த்தை கண்ணு, குடு. ஏன்? பக்கத்துலதானே இருக்குது? கேட்டுப் பாரேன். ம். செரி. பாத்து வா.

வருதாமுங்க தம்பி.

கல்யாணத்துக்கு வருதாம். மொத நாளு பொண்ணழைப்புல இருந்து கடைசி வரைக்கும் நின்னு எல்லாம் செய்யறேன்னு சொல்லிருச்சாம். மாலைக்குச் சொல்லியாச்சாம், சீருக்குப் பட்டு எடுக்க நங்கையா கெளம்பிட்டாங்களாம். "உனக்கு மாமன் நான் இருக்கறேன் கண்ணு, ஒரு கொறையும் வராது. உங்காத்தாளுக்குத்தான் நான் செத்தாச்சு. ஆத்துல உட்டது உட்டதாவே இருக்கட்டும். அவகிட்டப் பேசச் சொல்லி மட்டும் மாமனை நீ கேக்கக் கூடாது"ன்னுச்சாம். கோவமாச் சொல்லலையாம். அவ தலையைத் தடவிக் குடுத்துட்டேதான் சொல்லுச்சாம்.

நல்ல சேதிதானுங்களே? மேடையில மாமன் நிக்கும். மாப்பிள்ளை ஊட்டுல ஒருத்தரு ஒரு கேள்வி கேக்க முடியாது. நான் எதுக்கோசரம் இத்தன ஓட்டம் ஓடுனனோ அது நடந்துருச்சு. நீங்க ஏன் தம்பி மூஞ்சியை இப்படி வெச்சிருக்கறீங்க?

அந்தத் தண்ணிய இப்படி நகத்துங்க.

மேடையில என்ற பக்கத்துலதான் நிக்கும். சந்தனத்தை நீட்டுவேன், எடுத்துக்கும், ஊருக்கோசரம். எம்மூஞ்சியப் பாக்காது. போட்டோக்காரன் கிட்ட வாங்க, கிட்ட வாங்கன்னுவான், கிட்ட வந்து நிக்கும். சாப்புட்டுட்டுக் காரேறிப் போயிரும். அவ்வளவுதான். எனக்கோ அதுக்கோ ஒண்ணு ஆகற வரைக்கும் அவ்வளவுதான். எங்கப்பன் ஆத்தா போயிட்டாங்க தம்பி. என்ற பேரைச் சொல்லாம அம்மிணின்னு என்னையக் கூப்புடறதுக்கு இந்த ஒலகத்துல வேற ஆளில்லீங்க. அன்னைக்கு இதே கடையில கூப்புட்டுச்சே! எனக்கு எங்கண்ணன் வேணுங்க. கல்யாணத்துக்கில்லை. எனக்கு வேணும்.

மறுபடியும் அதையே கேக்கறீங்க பாருங்க. அன்னைக்குச் சொன்ன வார்த்தையை எடுத்துக்கறேன்னு ஒருக்காச் சொல்லிப் பாருங்கம்மாங்கறீங்க. அதெல்லாம் சொல்லோணுமா தம்பி? கூடப் பொறந்ததுக்கு அது தெரியாதா?

நீங்க சமையல்காரரைக் கூப்புடுங்க. அவரு வந்து அந்தச் சோறு என்ன சோறுன்னு வெவரமா எடுத்துச் சொல்லிட்டாப் போதும், எங்கண்ணன் மனசு செரியாயிரும். எனக்குத் தெரியாதா அதை? காரு வெயில்ல நிக்குது தம்பி. கூப்புடுங்க, சித்த சீக்கிரம் கூப்புடுங்க.